ஆறு வாரத்தில் 412 என்று வந்த ரிப்போர்ட்

மாதவிடாய்க் கணக்குப்படி ஆறு வாரம் ஆன நேரத்தில் எனக்கு பீற்றா எச்.சி.ஜி., அதாவது கரு தங்கினால் இரத்தத்தில் கூடும் ஹோர்மோனின் அளவு, 412 என்று வந்தது. லேசாக இரத்தம் கசிந்ததால் மிட்வைஃப் அக்கா உடனே டொக்டரிடம் போகச் சொன்னார், ஒட்டுசுட்டானிலிருந்து நெடுங்கேணி, புளியங்குளம் வழியாக பஸ்ஸில் வவுனியா போய் இரத்தம் கொடுத்தோம். ரிப்போர்ட்டைக் கையில் தந்தவர் "ஆறு வாரத்துக்கு இது காணாது, பிள்ளை தங்காது போல" என்று சொல்லிவிட்டார். அதைச் சொல்வது அவருடைய வேலையே இல்லை. வீடு வரும்வரை இவரும் நானும் ஒரு வார்த்தை பேசவில்லை, மாமி அன்றிரவே வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைத்தார்.

ஒரு எண்ணை மட்டும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, 48 மணித்தியாலம் கழித்து அதே லாப்பிலேயே திரும்பக் கொடுங்கள் என்றார் டொக்டர். ஸ்கேனிலும் ஒன்றும் தெரியவில்லை, ஆனால் இந்த எண் 1500 தாண்டினால்தான், சிலருக்கு 3500 வரை போனால்தான், கருப்பைக்குள் கருவைத் தாங்கும் அந்தச் சின்னப் பை கண்ணுக்குப் படுமாம். அடிவயிறு ஒரு பக்கமாகக் குத்தினாலோ, தோள்மூட்டு நொந்தாலோ, மயக்கம் வந்தாலோ இராத்திரி என்றும் பாராமல் வைத்தியசாலைக்கு வர வேண்டும், கரு கருப்பைக்குள் இல்லாமல் கருக்குழாயில் தங்கியிருந்தால் தாயின் உயிருக்கே ஆபத்து என்று இரண்டு தரம் சொன்னார். இதை மட்டும் ஒருவரும் அசட்டை செய்யாதீர்கள். எங்கள் பக்கம் இரவில் வாகனம் பிடிப்பதே பெரும்பாடு, அதனால் பக்கத்து வீட்டு ஓட்டோத் தம்பியிடம் சொல்லி வைத்தோம், 1990 அம்புலன்ஸ் இலக்கத்தையும் சுவரில் எழுதி ஒட்டினோம்.

இரண்டாவது ரிப்போர்ட் 655. இரட்டிப்பாகி 824 வந்திருக்க வேண்டுமே என்று அழுதேன். தொடக்கம் 1500க்குக் கீழே என்றால் இரண்டு நாளில் 49 வீதமாவது கூட வேண்டும், உங்களுக்கு 59 கூடியிருக்கிறது, ஆனாலும் ஸ்கேன் பார்க்காமல் உறுதி சொல்ல மாட்டேன் என்றார் டொக்டர். அப்புறம்தான் மாதவிடாய் எத்தனை நாளுக்கு ஒருக்கால் வரும் என்று கேட்டார். எனக்கு 40 நாள் செல்லும். சரி, அப்படியென்றால் கரு தரித்ததே பிந்தித்தான், 28 நாளுக்கு ஒருக்கால் வருகிறவர்களுக்குப் போடும் ஆறு வாரம் என்ற கணக்கே எனக்குப் பிழை!

முதல் பரிசோதனையிலிருந்து 16ஆம் நாள் திரையில் ஒரு பொட்டுத் துடித்தது, அளந்து பார்த்து ஆறரை வாரம் என்றார்கள். இவர் வெளியே போய் மாமிக்குக் கோல் எடுத்தார், பேச்சு வரவில்லை.

இப்படி ஒரு ரிப்போர்ட்டோடு டொக்டரிடம் போகிறவர்கள் கடைசி மூன்று மாதவிடாய்த் திகதிகளையும் எழுதிக்கொண்டு போங்கோ, கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே சொல்லுங்கோ.