தட்டு சுற்றி வரும் நேரம்

திருச்சியில் கல்யாண ஏற்பாட்டு வேலைக்கு வந்து 12 வருடம் ஆகிறது. பெண் வீட்டார் வந்ததும் மேடை அலங்காரம், பூ, லைட் என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். நான் பத்திரிகையை வாங்கி முகூர்த்த நேரத்தைப் பார்ப்பேன். என் கணக்கு அங்கிருந்து பின்னோக்கிப் போகும்.

வெள்ளிக்கிழமை 9 முதல் 10:30 வரை முகூர்த்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 10:30க்கு ராகு காலம். ஒன்றரை மணி நேரம் தாராளம்போலத் தெரியும். ஆனால் 10:10ஐத் தாண்டித் தாலி கட்டுகிற மாதிரி நான் விடவே மாட்டேன்.

மந்திரத்தால் தாமதம் ஆவதில்லை. "சாமி, கன்னிகாதானத்துக்கு எவ்வளவு நேரம்?" என்று புரோகிதரைக் கேட்டால் நிமிடக் கணக்கில் சொல்லிவிடுவார். நேரம் கரைவதெல்லாம் ஒரு சடங்குக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான். கூறைப்புடவையை வாங்கிக்கொண்டு பெண் உள்ளே போனால் பத்து நிமிடம் என்பார்கள், அரை மணி ஆகிவிடும். அந்தப் பெண்ணைக் குறை சொல்லக் கூடாது. மாலையைக் கழற்றி, நகையைக் கழற்றி, புதுப் பட்டை மடிப்பு வைத்துக் கட்டி, திரும்ப எல்லாம் மாட்ட வேண்டும். அதனால் ரவிக்கை, ஊக்கு, ஒட்டியாணம் மூன்றையும் முதல் நாள் ராத்திரியே ஒரே தட்டில் எடுத்து வைக்கச் சொல்வேன். மணமகள் அறை மாடியில் இருக்கும் மண்டபமென்றால் இன்னும் ஐந்து நிமிடம் சேர்த்துக்கொள்வேன்.

தொழிலுக்கு வந்த இரண்டாம் வருடம். இதேபோல ஒரு வெள்ளிக்கிழமை. பெண் வந்து உட்காரும்போது மணி 10 ஆகப் போகிறது. தேங்காயின்மேல் தாலியை வைத்து, அட்சதையோடு தட்டை எடுத்து நின்ற பையனிடம், "நேரமாச்சு தம்பி, முன் வரிசைக்கு மட்டும் காட்டிட்டு வா" என்று நான்தான் சொன்னேன். 10:05க்குக் கெட்டிமேளம். கணக்கு சரியாக வந்துவிட்டது என்று நிம்மதியாகப் பின்பக்கம் போனேன்.

தூண் ஓரத்தில் பெண்ணின் அப்பத்தா. சக்கர நாற்காலி என்பதால் அங்கே உட்கார வைத்திருந்தார்கள். முன்னால் எல்லோரும் எழுந்து நின்றதில் அவருக்கு மேடை தெரிந்திருக்காது. மடியில் வலது கையை விரித்து வைத்திருந்தார். என்னைப் பார்த்து, "தாலி இன்னும் என்கிட்ட வரலையே அம்மாடி" என்றார். "கட்டியாச்சு அப்பத்தா" என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பேத்தியின் தாலியைத் தொட்டு வாழ்த்தத்தான் அத்தனை தூரம் வந்திருந்தார். அதை நான் ஐந்து நிமிடத்துக்காகப் பறித்துவிட்டேன்.

இப்போதெல்லாம் தட்டுக்கு மட்டும் 20 நிமிடம் ஒதுக்குகிறேன். அதற்காக எதையும் வெட்டுவதில்லை. மாங்கல்ய பூஜையைச் சற்று முன்பே முடித்துத் தரச் சொல்லிச் சாமியிடம் கேட்டுக்கொள்வேன், பெரும்பாலும் சரி என்பார். பெண் புடவை மாற்றும் அந்த அரை மணியில் தட்டு மண்டபத்தைச் சுற்றி வந்துவிடும். சும்மா உட்கார்ந்திருந்த ஜனங்களுக்கும் கையில் அட்சதை வந்து சேரும், கூட்டத்தில் ஒரு களை வரும்.

தட்டு எடுக்கும் பையனைக் காலையிலேயே கூப்பிட்டு, நடக்க முடியாதவர்கள் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒவ்வொருவராகக் காட்டிவிடுவேன். அவர்களிடம் போன பிறகுதான் முன் வரிசை.