கவர்னர் வீட்டுப் பெண்ணும் சப்வே குழந்தையும்

நியூயார்க் பென் ஸ்டேஷனில் இறங்கி, மேலே பார்க்காமல், யாரையும் இடிக்காமல், சப்வேக்கு ஓடும் கூட்டத்தோடு நானும் ஓடப் பழகிவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை இருந்த காலம் அது. 2013 மார்ச். ரயில் பெட்டியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே ஒரு சின்னப் பிள்ளை அழுதுகொண்டிருக்கிறது. சுவரொட்டிதான். சுருட்டை முடி, கன்னத்தில் கண்ணீர். அந்தப் பிள்ளையே தன் அம்மாவிடம் சொல்வதுபோல் எழுதியிருந்தார்கள்: நீ பதின்வயதில் என்னைப் பெற்றதால், நான் பள்ளிப் படிப்பை முடிக்காமல் போக இரண்டு மடங்கு வாய்ப்பு இருக்கிறது.

அதற்குக் கீழே ஒரு கறுப்பினப் பெண் உட்கார்ந்திருந்தாள். வயது 18கூட இருக்காது. மடியில் ஒரு கைக்குழந்தை, காலடியில் புத்தகப் பை. பெட்டியில் இருந்தவர்கள் படத்தைப் பார்த்தார்கள், அவளைப் பார்த்தார்கள், பிறகு கைப்பேசியைப் பார்த்தார்கள். அவள் குழந்தையின் தொப்பியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். சரியாக இருந்த தொப்பியை.

கும்பகோணம் டவுன் பஸ்ஸில் கைக்குழந்தையோடு ஒருத்தி ஏறினால் என்ன நடக்கும்? உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு பாட்டி, "பிள்ளைய இங்க குடும்மா" என்று கை நீட்டும். யார், என்ன என்று தெரியாமலே குழந்தை அந்த மடிக்குப் போய்விடும். சுவாமிமலை வருவதற்குள் அது பாட்டியின் சுருக்குப்பையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். நியூயார்க்கில் நான் கை நீட்டியிருந்தால் போலீஸைக் கூப்பிட்டிருப்பார்கள். சும்மா நின்றேன்.

அந்தச் சுவரொட்டிகள் நகர நிர்வாகமே ஒட்டியவை. ப்ளூம்பெர்க் மேயராக இருந்தார். சப்வேயிலும் பஸ் நிறுத்தங்களிலும் விதவிதமாக வந்தன. ஒன்றில் ஒரு பெண் குழந்தை, அவர் உன்னோடு நிலைப்பது சந்தேகம்தான், அப்போது என் கதி என்ன என்று அம்மாவைக் கேட்டது. இன்னொன்று, என்னை வளர்க்க வருடத்துக்கு ஆயிரக்கணக்கான டாலர் ஆகுமே, உனக்கு நல்ல வேலை இருக்கிறதா என்றது. கறுப்பு, பழுப்பு நிறக் குழந்தைகளின் முகங்களே கண்ணில் அதிகம் பட்டன. பெண்களுக்காக வேலை செய்யும் அமைப்புகள் சில கடுமையாக எதிர்த்தன. நகர நிர்வாகம், உண்மையைத்தானே சொல்கிறோம் என்றது.

எனக்கு அன்று முழுக்க அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. மனம் 2008க்குப் போய்விட்டது.

நான் கல்யாணமாகி நியூஜெர்சியில் உள்ள எடிசனுக்கு வந்து சேர்ந்த வருடம். வேலை பார்க்க அனுமதி இல்லாத எச்-4 விசா. வீட்டுக்காரர் காலையில் போனால் இரவுதான். நடந்து போகும் தூரத்தில் ஒரு பெட்டிக்கடை கிடையாது. துணைக்கு டிவிதான். அமெரிக்க ஆங்கிலம் எனக்குப் பழகியதே அந்த வருட அதிபர் தேர்தலில்தான். யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தால் மொழி சீக்கிரம் புரிகிறது.

ஆகஸ்ட் 29 அன்று குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்ன், அலாஸ்கா கவர்னர் சாரா பேலினைத் தன் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்தார். செப்டம்பர் 1 அன்று அந்த அம்மாள் குடும்பத்திலிருந்து ஓர் அறிக்கை: 17 வயது மகள் பிரிஸ்டல் ஐந்து மாதக் கர்ப்பம், பிள்ளையைப் பெற்றுக்கொள்வாள், பையனைக் கல்யாணம் செய்துகொள்வாள். நான் கையில் இருந்த புளியைக் கரைக்காமல் அப்படியே நின்றுவிட்டேன். சரி, கதை முடிந்தது, இன்று ராத்திரிக்குள் அந்த அம்மாள் ஊருக்குப் பெட்டி கட்டிவிடுவார் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் இப்படி ஒரு செய்தி வந்தால் முதல் கேள்வி அம்மாக்காரிக்குத்தான் வரும். வளர்த்த லட்சணம் என்பார்கள்.

பெட்டியைக் கட்டவே இல்லை. மறுநாள் முதல் டிவியில் வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாரும், இது ஒரு குடும்பத்தின் சொந்த விஷயம் என்றார்கள். பாவம் சின்னப் பெண், எந்த வீட்டிலும் நடக்கக்கூடியதுதான் என்றார்கள். குடும்ப ஒழுக்கத்தைப் பற்றியே பேசி வாழ்ந்த மத அமைப்புக்காரர்கள், கருவைக் கலைக்காமல் வைத்துக்கொண்டதற்காக வாழ்த்துச் சொன்னார்கள். செப்டம்பர் 3 அன்று மினியாபொலிஸ் விமான நிலையத்தில் மெக்கெய்னே அந்தப் பெண்ணைக் கட்டியணைத்து, பையனின் கையைக் குலுக்கினார். அன்று இரவு செயின்ட் பால் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் இருவரும் கைகோத்தபடி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். கேமரா திரும்பித் திரும்பி அவர்களிடமே போனது. வளைகாப்பு ஒன்றுதான் பாக்கி.

எதிர்த்துப் போட்டியிட்ட ஒபாமாவும் பெருந்தன்மையாகத்தான் நடந்துகொண்டார். பிள்ளைகளை அரசியலுக்கு இழுக்காதீர்கள், என் அம்மா என்னைப் பெறும்போது அவருக்கு 18 வயது என்றார். எனக்கு அவரை அன்றைக்குத்தான் பிடித்துப்போனது. ஆனால் ஒரு யோசனை வரத்தான் செய்தது. அவருடைய மகள்கள் அப்போது சிறுமிகள். அவருக்கு ஒரு 17 வயது மகள் இருந்து, அவள் வயிற்றைத் தள்ளிக்கொண்டு மாநாட்டு மேடைக்கு வந்திருந்தால்? டிவியில் இருந்தவர்களுக்குச் 'சொந்த விஷயம்' என்ற சொல்லே மறந்து போயிருக்கும்.

அந்தப் பெண்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. 17 வயதில் உலகமே தன் வயிற்றைப் பார்ப்பது சாதாரணத் தண்டனையா? கல்யாணமும் நடக்கவில்லை. டிசம்பரில் பிள்ளை பிறந்தது, அடுத்த மார்ச்சில் உறவு முறிந்தது. அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. பதின்வயதுக் கர்ப்பத்தைத் தடுக்கும் பிரசாரத்துக்கு, இளம் பெண்களுக்குச் செருப்பும் துணியும் விற்கும் கேண்டீஸ் என்ற பிராண்டின் அறக்கட்டளை, 2009ல் அவளையே தூதராக ஆக்கியது. அந்த வருடம் அதற்காக அவளுக்குக் கொடுத்தது 2,62,500 டாலர். 2010ல் தொலைக்காட்சி நடனப் போட்டி ஒன்றில் ஆடி மூன்றாம் இடம். ஒருத்திக்கு அனுபவம் சம்பளமானது. இன்னொருத்திக்கு, அதே அனுபவத்துக்கு, தலைக்குமேல் சுவரொட்டி.

பக்கத்து மேசையில் இருந்த அம்மாளிடம் மதியச் சாப்பாட்டின்போது சொன்னேன். ப்ரூக்ளினில் பிறந்து வளர்ந்த கறுப்பினப் பெண்மணி, என் அம்மா வயது. என் தயிர்சாதத்தை எட்டிப் பார்த்து, தினமும் இதையே எப்படிச் சாப்பிடுகிறாய் என்று கேட்பவர். அன்று கேட்கவில்லை. "என் அம்மாவுக்கு 16 வயதில் நான் பிறந்தேன். அந்தப் படத்தில் அழுவது நான்தான். நான் பட்டம் வாங்கிய போட்டோவும் வீட்டில் இருக்கிறது. அதைக் கேட்டு யாரும் வரவில்லை" என்றார். பிறகு தன் பெட்டியில் இருந்த கோழியில் ஒரு துண்டை என் மூடியில் வைத்தார். நான் சைவம் என்பது அவருக்கு மறந்துவிட்டது. ஞாபகப்படுத்த மனம் வரவில்லை.

அதற்கு முன்னால் எனக்கு இந்த நாட்டின் பழைய கதை அதிகம் தெரியாது. அவர்தான் சொல்லச் சொல்லத் தேடிப் படித்தேன். 1965ல் தொழிலாளர் துறையில் இருந்த மொய்னிஹான் ஓர் அறிக்கை எழுதினார். கறுப்பினக் குடும்ப அமைப்பு குலைந்துகிடப்பதுதான் அவர்கள் முன்னேற்றத்துக்குப் பெரிய தடை என்பது அதன் சாரம். 1976ல் அதிபர் வேட்பாளராக முயன்ற ரீகன் ஊர் ஊராகப் போய், அரசு உதவிப் பணத்தில் மோசடி செய்த ஒரு சிகாகோ பெண்ணின் கதையைச் சொன்னார். அவள் என்ன நிறம் என்று சொல்லவே இல்லை. கேட்டவர்கள் தாங்களாகவே பூசிக்கொண்டார்கள். 1992ல் லாஸ் ஏஞ்சலஸ் கலவரம் முடிந்த கையோடு, துணை அதிபர் டான் குவேல் அதற்குக் காரணம் குடும்பங்கள் உடைந்ததே என்று பேசினார். 1996ல் அதிபர் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டத்தில், 18 வயதாகாத தாய்மார் பெரியவர்களோடு தங்கிப் பள்ளிக்கும் போனால்தான் உதவிப் பணம் என்று விதி வந்தது. இத்தனை வருடங்கள் இதை ஓர் இனத்தின் நோயாகவே பேசியவர்களுக்கு, 2008ல் ஒரே வாரத்தில் அது குடும்ப விஷயமாகிவிட்டது.

எடிசன் பொங்கல் விழாவில் இதைச் சொல்லித்தான் மாட்டிக்கொண்டேன். இந்தியக் கடைகள் இருக்கும் ஓக் ட்ரீ ரோட்டில் வாங்கிய கரும்பு, பள்ளிக்கூட ஹாலில் மின் அடுப்பில் பொங்கிய பொங்கல். பொங்கும்போது தீ எச்சரிக்கை மணி அடித்துவிடுமோ என்ற பயத்தில் யாரும் குலவை போடவில்லை. வரிசையில் என் பின்னால் ஒரு மாமா. எழுபதுகளில் வந்தவர், எல்லாருக்கும் வரிப் படிவம் நிரப்பித் தருபவர், தங்கமான மனிதர். "அவங்க சமூகமே அப்படித்தாம்மா. பேலின் வீட்டுப் பொண்ணு விஷயம் வேற. அது ஏதோ தெரியாம நடந்தது" என்றார்.

நான் எண்களோடு தயாராக இருந்தேன். கறுப்பினப் பெண்களிடையே விகிதம் அதிகம்தான், மறுக்கவில்லை. ஆனால் 15 முதல் 19 வயதுள்ள ஆயிரம் கறுப்பினப் பெண்களுக்கு 1991ல் 118 பிரசவம். 2013ல் 39. இருபத்திரண்டு வருடங்களில் மூன்றில் ஒன்று. சமூகமே அப்படி என்றால் இது எப்படிக் குறைந்தது மாமா? வெள்ளையர்களே 90 சதவீதத்துக்கும் மேல் வாழும் வெஸ்ட் வர்ஜீனியாவில், இந்த விகிதம் நாட்டின் சராசரியைவிட எவ்வளவோ அதிகம். அங்கே போய் வெள்ளையர் கலாசாரத்துக்கு என்ன ஆயிற்று என்று எந்த டிவி கேட்டது? கேட்டால் வறுமை, வேலையில்லை, சுரங்கம் மூடிவிட்டது என்று காரணம் வரும். அந்தக் காரணங்கள் ப்ரூக்ளினுக்கும் ப்ராங்ஸுக்கும் மட்டும் ஏன் செல்லாது?

மாமா தட்டில் வடையை எடுத்துக்கொண்டு, "நீ நிறைய டிவி பாக்குற" என்றார்.

அவரிடம் பேசும்போதே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. என் அம்மாச்சிக்குப் பெரிய மாமா பிறந்தபோது வயது 16. தாலி இருந்ததால் அது யாருக்கும் பிரச்சினையாகத் தெரியவில்லை. அம்மாச்சி கை நிறைய வளையலோடு உட்கார்ந்திருக்கும் போட்டோ ஒன்று ஊரில் முற்றத்துச் சுவரில் மாட்டியிருக்கிறது. கண்ணில் பயம் அப்படியே தெரியும். அதற்கு வெகுகாலம் கழித்து, நான் பத்தாவது படித்தபோது, பெரிய தெருவில் ஒரு பெண் திடீரென்று படிப்பை விட்டுத் திருச்சி சித்தி வீட்டுக்குப் போனாள். என்ன ஏது என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, பெரிய குடும்பம். அதே வருடம் காலனியில் ஒரு பெண்ணுக்கு அப்படி நேர்ந்தது. டீக்கடையில் அவள் பேரைச் சொன்னவர்கள் யாருமில்லை. "காலனிக்காரங்க" என்றார்கள். ஒரு பெண்ணுக்கு நடந்ததற்கு ஒரு தெருவே பதில் சொல்ல வேண்டியிருந்தது. மாமாவும் நானும் இந்தப் பாடத்தை எங்கே படித்தோம் என்பதில் சந்தேகமே வேண்டாம். விசாவில் அதற்குத் தனியாக முத்திரை குத்துவதில்லை, அவ்வளவுதான்.

இப்போது என் மகளுக்கு ஏழாம் வகுப்பில் உடல்நலப் பாடம் வந்துவிட்டது. பாலியல் கல்வி நடத்தப்போகிறோம், வேண்டாமென்றால் எழுதிக் கொடுங்கள் என்று பள்ளியிலிருந்து தாள் வந்தது. நான் எழுதிக் கொடுக்கவில்லை. ஊரில் என் அம்மாவிடம் வீடியோ காலில் சொன்னபோது சற்றுநேரம் பேச்சில்லை. அப்புறம், "நல்லதுதான். எங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டுவிட்டு, மாவடு போட்டாயா என்று பேச்சை மாற்றினார். மாவடுவுக்கு எடிசனில் எங்கே போவது? ஓக் ட்ரீ ரோட்டில் கிடைப்பது பாட்டிலில் அடைத்த மாங்காய்த் துண்டு. அதை வாங்கிவந்து தயிர்சாதத்தோடு வைத்தால், மகள் நகர்த்தி வைத்துவிடுகிறாள்.

மாமாவை இந்த வருடப் பொங்கலிலும் பார்த்தேன். நாட்டில் பதின்வயதுப் பிரசவ விகிதம் ஆயிரத்துக்கு 14க்கும் கீழே வந்துவிட்டது மாமா, 1991ல் 61.8 இருந்தது, டிவியில் ஒரு வார்த்தை சொன்னார்களா என்று ஆரம்பித்தேன். அவர் என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணுக்கு இன்னும் இந்த ஊர் பழகல போல" என்றார். வீட்டுக்காரர், பழக்கத்தில், வரிப் படிவம் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டார்.