சரளைச் சரிவில் மண் பார்த்தது: இதுவரை

வறண்ட மலைச்சரிவு மேய்ச்சல் நிலத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் "வெறும் கல்லுதானே, மண்ணே இல்லையே" என்றுதான் சொல்வார்கள். ஆண்டுக்கு 250 முதல் 500 மில்லிமீட்டர் வரை மழை பெய்யும் இடத்தில், அந்தக் கல்லுக்கு நடுவிலேயே புல்லும் புதரும் வேர்விட்டுப் பல ஆண்டுகள் நிற்கின்றன. கல்லுக்கு இடையில் உண்மையில் எவ்வளவு மண் இருக்கிறது, அது எவ்வளவு தண்ணீரைப் பிடித்து வைக்கிறது, மீதித் தண்ணீர் எங்கே போகிறது என்று பார்ப்பதற்காகத்தான் இந்தக் குழிகளைத் தோண்ட ஆரம்பித்தேன்.

முதலில் அளவு விஷயம். மண்ணியலில் 2 மில்லிமீட்டர் சல்லடையில் இறங்குவதைத்தான் மண் என்று கணக்கில் எடுப்பார்கள். அதற்கு மேல் 75 மில்லிமீட்டர் வரை சரளை, அப்புறம் 250 வரை உருளைக்கல், அதற்கும் மேலே பெருங்கல். கனஅளவில் 15 சதவீதத்துக்கு மேல் சரளை இருந்தால் அது சரளை மண். 35-ஐத் தாண்டினால் மிகுசரளை, 60-ஐயும் தாண்டினால் கிட்டத்தட்ட எல்லாமே கல். இதில் 35 என்ற கோடு முக்கியமானது. அமெரிக்க மண் வகைப்பாட்டில் அந்தக் கோட்டைத் தாண்டிய மண்ணைத் தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறார்கள்.

இங்கே கவனிக்க வேண்டிய சொல் 'கனஅளவில்' என்பது. சலித்துத் தராசில் வைத்தால் கிடைப்பது எடைக் கணக்கு, அது வேறொரு கதையைச் சொல்லும். அதனால் குழியின் கனஅளவையே நேராக அளந்தேன். சரிவில் ஒரு சின்ன இடத்தைச் சமமாக்கி, கடப்பாரையால் நெம்பாமல் கரண்டியால் மெதுவாகத் தோண்டி, வந்ததையெல்லாம் ஒரு வாளியில் போட்டுக்கொண்டேன். குழியின் உட்புறம் மெல்லிய பிளாஸ்டிக் தாளை நன்றாகப் படிய விரித்து, விளிம்பு வரை தண்ணீர் ஊற்றினேன். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதுதான் குழியின் அளவு. பிறகு மண்ணைச் சலித்து, கல்லைக் கழுவி, அளவுக்கோடு போட்ட வாளித் தண்ணீரில் இறக்கினால் நீர்மட்டம் ஏறும் அளவு கல்லின் கனஅளவு. மணற்கல் மாதிரி தண்ணீர் குடிக்கிற கல்லாக இருந்தால், முதலிலேயே ஊறவைத்து மேல் ஈரத்தைத் துடைத்துவிட்டு இறக்க வேண்டும்.

ஒரு குழியின் கணக்கைச் சொல்கிறேன். குழி 10 லிட்டர், கல் 4.2 லிட்டர், அதாவது 42 சதவீதம். பாறையின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 2.65 கிலோ. பொலபொலப்பான மண் லிட்டருக்கு 1.3 கிலோ என்று வைத்துக்கொண்டால் கல் 11.1 கிலோ, மண் 7.5 கிலோ. எடையில் பார்த்தால் கல் 60 சதவீதம்! வேருக்குக் கிடைக்கும் இடம் கனஅளவைப் பொறுத்தது என்பதால் 42-ஐத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சலித்த மண்ணைக் கையில் நனைத்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நாடாவாகத் தள்ளிப் பார்த்தேன். 2.5 சென்டிமீட்டர் வருவதற்குள் ஒடிந்துவிட்டது. மணலும் வண்டலும் களியும் கலந்த, களி குறைவான மண். இப்படிப்பட்ட மண் தன் கனஅளவில் சுமார் 16 சதவீதம் வரை, செடி உறிஞ்சக்கூடிய நீரைப் பிடித்து வைக்கும். கல்லே இல்லாவிட்டால் 50 சென்டிமீட்டர் ஆழத்துக்கு 80 மில்லிமீட்டர் மழைக்குச் சமம். 42 சதவீதம் கல் போனால் சுமார் 46 மில்லிமீட்டர்தான். கல் ஏறக்குறைய எதையும் பிடித்து வைக்காது என்று வைத்துத்தான் இந்தக் கணக்கு.

இதோடு நிறுத்தினால் சரளை மண் ஏழை மண் என்று முடிவு கட்டிவிடலாம். ஆனால் இதே கணக்கை மழையின் பக்கமிருந்து போட்டுப் பாருங்கள். காய்ந்து கிடக்கும் மண்ணில் 20 மில்லிமீட்டர் மழை இறங்குகிறது. கல்லில்லாத மண்ணில் அது சுமார் 12 சென்டிமீட்டர் ஆழம் வரை நனைக்கும். எங்கள் குழி மாதிரி மண்ணில் அதே மழை 21 சென்டிமீட்டரைத் தாண்டிப் போகும், ஏனென்றால் வழியில் நனைய வேண்டிய மண் குறைவு. வறண்ட நிலத்தில் மேல் 10 சென்டிமீட்டரில் தங்கும் ஈரம் பெரும்பகுதி வெயிலுக்கே போய்விடும். கீழே இறங்கிய ஈரம் வேருக்கு மிஞ்சும். மழை மிகுந்த ஊரில் குறையாக இருப்பது மழை குறைந்த இடத்தில் நிறையாக மாறுகிறது. சூழலியலாளர் நோய்-மெயிர் (Noy-Meir) 1973-இல் இதை விளக்கி எழுதியிருக்கிறார். இந்தச் சரிவில் ஆழ வேர்விடும் புதர்கள் கல் மிகுந்த பட்டைகளிலேயே அடர்ந்து நிற்பது ஏன் என்று எனக்குப் புரிந்தது இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான்.

மேற்பரப்பில் இன்னொரு விஷயம் இருக்கிறது. கல் மேலே சும்மா கிடக்கிறதா, மண்ணில் பதிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சும்மா கிடக்கும் கல் மழைத்துளியின் அடியைத் தாங்கிக்கொள்கிறது, ஆவியாவதையும் தடுக்கிறது. மழைக்குச் சில நாள் கழித்து அப்படி ஒரு கல்லைப் புரட்டினால், பக்கத்து மண் வெளுத்திருக்கும்போது கல்லடியில் இன்னும் ஈரம் இருக்கும். பொருக்குத் தட்டிய மண்ணில் பாதி புதைந்த கல்லோ நேர் எதிர், அதன் மேல் விழுந்த நீர் இறங்க இடமில்லாமல் சரிவில் ஓடுகிறது. நீர் இறங்கும் வேகத்தை அளக்க வழக்கமாகப் பயன்படுத்தும் வளையத்தைச் சரளையில் அடித்து இறக்க முடியாது. அதனால் இரண்டு இடத்திலும் அடியில்லாத ஒரு டப்பாவை வைத்து, விளிம்பைச் சுற்றி ஈரக் களிமண்ணால் அடைத்து, ஒரே அளவு தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். உதிரிக் கல் இருந்த இடத்தில் தண்ணீர் உடனே மறைந்தது. பதிந்த கல் இருந்த இடத்தில் குட்டையாகத் தேங்கி நின்றது. அங்கே பொருக்கை உடைத்து லென்ஸில் பார்த்தால் கடற்பஞ்சு மாதிரி வட்டவட்டமாய்ச் சின்னச் சின்னத் துளைகள். ஆனால் அவை ஒன்றோடொன்று சேராத துளைகள், தண்ணீர் போக வழி தராது.

எனக்கு மிகவும் பிடித்துப்போனது கல்லின் அடிப்பக்கம். குழிச் சுவரிலிருந்து ஒரு கல்லை எடுப்பதற்கு முன் அதன் மேல்முகத்தில் பென்சிலால் ஒரு குறி போட்டுவிடுவேன். மேல் அடுக்கில் இருந்த கற்களின் இரு பக்கமும் சுத்தமாக இருந்தன. சுமார் 30 சென்டிமீட்டரிலிருந்து கல்லின் அடியில் மட்டும் வெள்ளைப் பூச்சு. இன்னும் கீழே போனால் அது தடித்து, சொட்டுச் சொட்டாகத் தொங்குகிறது. வினிகர் விட்டால் மெல்ல நுரைக்கிறது, 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் பொங்குகிறது. சுண்ணாம்புதான். (அமிலத்தை நீர்க்க வைக்கும்போது தண்ணீரில்தான் அமிலத்தை ஊற்ற வேண்டும், மாற்றிச் செய்யக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம்.) இறங்கி வரும் நீர் கல்லின் அடியில் தொங்கி நிற்கிறது, வேரும் காற்றும் அதை எடுத்துக்கொள்ள, கரைந்திருந்த சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. அந்தப் பூச்சு தொடங்கும் ஆழம், வழக்கமான மழை எதுவரை நனைக்கிறது என்பதற்கு நீண்ட காலமாய் எழுதப்பட்டு வரும் குறிப்பு. மண்ணியலாளர்கள் கைல், பீட்டர்சன், கிராஸ்மன் மூவரும் 1966-இல் இந்தப் படிவை நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள். மெல்லிய பூச்சில் தொடங்கி, இடைவெளியெல்லாம் அடைபட்டு, கடைசியில் தகடு தகடாகக் கெட்டிப்படுவது வரை. சரளை மண்ணில் நிரப்ப வேண்டிய இடம் குறைவு என்பதால் இந்த நிலைகள் சீக்கிரம் வந்துவிடும். என் குழி முதல் நிலை, சில இடங்களில் இரண்டாம் நிலை.

ஒரு கல்லில் மட்டும் பூச்சு மேல்முகத்தில் இருந்தது. அது படிந்த பிறகு கல் புரண்டிருக்கிறது. வளை தோண்டும் பிராணியாக இருக்கலாம், சரிவு மெல்ல நகர்ந்ததாகவும் இருக்கலாம். மற்ற கற்களும் கூர்முனை மழுங்காதவை. ஓடை உருட்டி வந்தவை இல்லை, மேலே உள்ள பாறையிலிருந்து உடைந்து சரிந்தவை.

அடுத்து வெயில் படும் முகத்திலும் நிழல் முகத்திலும் ஒரே உயரத்தில் ஒவ்வொரு குழி தோண்டப் போகிறேன். நிழல் பக்கம் மேல்மண் கறுத்துத் தடித்திருக்கும், சுண்ணாம்பு இன்னும் ஆழத்தில் தொடங்கும் என்று எதிர்பார்க்கிறேன். புதரின் அடியிலும் புதர்களுக்கு நடுவிலும் டப்பாச் சோதனையையும் செய்ய வேண்டும். நீங்களும் தோண்டினால், எடுத்த அடுக்கு வரிசையிலேயே மூடுங்கள். அடிமண் முதலில், உதிரிக் கல் கடைசியில், நடுவில் நன்றாக மிதித்து. மேயும் ஆடுமாட்டின் கால் உள்ளே இறங்கிவிடக் கூடாது.