சமப்படுத்தாத குரல்

ஒரு காட்சியிலிருந்து அடுத்த காட்சிக்குப் போகும்போது மாற்றம் தெரியக்கூடாது என்பதே படத்தொகுப்பில் நான் கற்ற முதல் பாடம். தோலின் நிறத்தையும் ஒளியையும் குரலையும் சமப்படுத்தியே என் கை பழகியிருந்தது. திருநங்கையான கலைஞர் ஒருவர், பல ஆண்டுகளாகச் சுற்றுலாத் தலங்களில் எடுத்த பதிவுகளைக் காணொளிக் கலைப்படைப்பாகத் தொகுத்துத் தரும்படி கேட்டபோது, அந்தப் பழக்கமே எனக்குத் தடையாயிற்று.

போகுமிடமெல்லாம் வழிப்போக்கர் ஒருவரிடம் கேமராவைக் கொடுத்துத் தம்மைப் படம் எடுக்கச் சொல்வது அவர் வழக்கம். எடுப்பவர் அவரை எப்படி விளிக்கிறார் என்பதும் பதிவாகிவிடும். முதல் ஆண்டுகளில் 'சார்', கடைசியில் 'மேடம்', இடையில், எப்படி அழைப்பதென்று தெரியாமல் எதிரிலிருப்பவர் தயங்கும் சில நொடிகள். அந்த மௌனங்களையெல்லாம் நான் வெட்டியிருந்தேன். அவர் ஒவ்வொன்றையும் திரும்பச் சேர்க்கச் சொன்னார்.

குரலில்தான் நான் பெரிதும் தடுமாறினேன். பருவ வயதில் டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் ஹார்மோன் தடிக்கச் செய்த குரல்நாண்களை, பின்னர் எடுத்துக்கொள்ளும் பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜன் மீண்டும் மெலிய வைப்பதில்லை. சுருதியை உயர்த்துவதோடு நில்லாமல், தொண்டையிலும் வாயிலும் ஒலி எதிரொலிக்கும் விதத்தையும் பயிற்சியால் மாற்றியே அவர் தம் குரலைப் பெற்றிருந்தார். பழைய பதிவுகளின் சுருதியை மென்பொருளால் உயர்த்திவிடலாம் என்றேன். "அந்தக் குரலோடுதான் அந்த மலையில் ஏறினேன்" என்றார்.

1972இல் அமெரிக்கப் பெண் காணொளிக் கலைஞர் ஜோன் ஜோனாஸ் முகமூடியணிந்து 'ஆர்கானிக் ஹனி' என்னும் பெண்ணாகத் தோன்றி, மானிட்டரில் தம் பிம்பத்தைப் பார்த்தபடியே பெண்மையின் கோலங்களைச் சோதித்ததை நான் நினைவூட்டினேன். முகமூடியைக் கழற்றிவிட்டு வீடு திரும்ப அவரால் முடிந்தது, தமக்கோ அதைக் கழற்றிய முகத்தோடுதான் பயணமே தொடங்கியது என்றார் இவர். பழைய பெயரை அறிந்தவர் எவருமில்லாத ஊரில்தான் முதன்முதலாகப் பெண்ணுடையில் பகலில் நடந்திருக்கிறார். சுற்றுலாப் பயணி என்ற அடையாளம் அவருக்கு அந்த அளவுக்கு இடங்கொடுத்திருக்கிறது.

எல்லைகளில் அது செல்லவில்லை. பாஸ்போர்ட்டின் பாலினக் கட்டத்தில் எம் (ஆண்), எஃப் (பெண்), எக்ஸ் (குறிப்பிடப்படாதது) மூன்றையும் பன்னாட்டு விதி அனுமதித்தாலும், பல நாடுகள் முதல் இரண்டை மட்டுமே வழங்குகின்றன. எழுத்தும் முகமும் பொருந்தாதபோது அவர் தனியே நிறுத்தப்பட்டார். அங்கே கேமராவுக்கு அனுமதியில்லை. ஆகவே காத்திருந்த ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு நொடி கருந்திரை வைத்தோம். மிக நீண்டது 94 நொடிகள் ஓடுகிறது. அதைக் குறைக்கலாமா என்று நான் கேட்கவில்லை.