ஈரடுக்குப் பாலத்து நெரிசலும் கொஞ்சம் மூச்சும்

டென்ஷனாக இருக்கிறது என்று சொன்னால் எங்க திருநெல்வேலியில் உடனே கிடைக்கிற வைத்தியம், "ஏல, ரெண்டு நாள் குத்தாலத்துல போய் கெடந்துட்டு வா, எல்லாம் சரியாயிரும்." அருவியில் நிற்கும்போது நல்லாத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் திங்கட்கிழமை காலையில் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்துக்குக் கீழே வண்டி நகராமல் நிற்க, பின்னால் ஓர் ஆட்டோ விடாமல் ஹாரன் அடிக்க, சட்டைப்பையில் போன் அதிர்ந்துகொண்டே இருக்க, அந்த நேரத்துக்குக் குத்தாலம் எப்படி வரும்? அதனால்தான் மைண்ட்ஃபுல்னஸ், அதாவது இந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிப்பது, பழக அமைதியான இடம் தேடாதீர்கள், நெரிசலிலேயே ஆரம்பியுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செய்ய வேண்டியது பெரிசாக ஒன்றுமில்லை. ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்திருக்கிற விரல்களைக் கவனிப்பது, தோள் காதுவரைக்கும் ஏறியிருந்தால் இறக்கி விடுவது, அப்புறம் மூச்சை வழக்கம்போல் இழுத்து, விடும்போது மட்டும் நிதானமாக, இழுத்ததைவிட நீளமாக விடுவது. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் தணியும், மூளையிலிருந்து இதயத்துக்கு வருகிற வேகஸ் நரம்பின் வேலை அது. பதற்றத்தில் நாம் செய்வதோ நேர்மாறு, மேல்நெஞ்சால் அவசர அவசரமாக இழுப்போம். இதற்குள் மனசு ஆபீஸுக்கு ஓடிப்போய் மேனேஜரிடம் சண்டை பிடிக்க ஆரம்பித்திருக்கும். ஓடட்டும். ஓடிவிட்டது என்று தெரிகிற அந்த நொடிதான் பயிற்சியே, மறுபடி மூச்சுக்கு வந்தால் போதும். மனசைக் காலியாக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அது யாருக்கும் காலியாகாது.

1979-ல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் என்பவர், நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்காக இதை ஒரு பயிற்சியாகத் தொடங்கினார். இப்போது அது 8 வாரப் பயிற்சி. பௌத்த தியானத்திலிருந்து எடுத்ததுதான், மதச் சமாச்சாரத்தை மட்டும் விட்டுவிட்டார். அதில் ஒன்று, ஒரே ஒரு உலர்ந்த திராட்சையைக் கையில் உருட்டிப் பார்த்து, முகர்ந்து, நாக்கில் வைத்து, அவசரமில்லாமல் தின்பது. திருநெல்வேலிக்காரனுக்குத் திராட்சை எதற்கு? சாயங்காலம் நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடைக் கூட்டத்தில் இடிபட்டு வாங்குகிற சூட்டு அல்வா போதாதா! விரலில் நெய் வழிவது, கோதுமைப்பால் வாசம், மெல்லுவதற்குள் வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்குவது, இதையெல்லாம் கவனித்துத் தின்று பாருங்கள். அவ்வளவு நேரம் நின்று வாங்கிவிட்டு, போனைத் தேய்த்துக்கொண்டே விழுங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

சரி, இதனால் ஆகாததும் இருக்கிறது. வராத சம்பளம் மூச்சைக் கவனித்தால் வந்துவிடாது, போய்க் கேட்கத்தான் வேண்டும், கேட்கும்போது குரல் நடுங்காமல் இருக்க வேண்டுமானால் கை கொடுக்கும். சிலருக்குக் கண்ணை மூடி மூச்சைக் கவனித்தாலே படபடப்பு ஏறும். அவர்கள் கண்ணைத் திறந்தே வைத்து, பாதம் தரையில் படுவதையோ காதில் விழுகிற சத்தத்தையோ கவனிக்கலாம். நாள் கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்றால் இந்த வித்தையெல்லாம் வேண்டாம், பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது, சீட்டுப் போட்டு டாக்டரைப் பாருங்கள். நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்கிற அரசு மனநல உதவி எண்ணுக்கு போன் செய்யலாம், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.