10க்கு 10 ரூம்ல 4 மைக்கு வெச்சு ட்ரம்ஸ் ரெக்கார்டிங்: ஓவர்ஹெட் ஒருவழியா செட் ஆயிடுச்சு

ஸ்னேர் (அடில கம்பி வெச்ச ட்ரம்) ஒருவழியா நடு சென்டர்ல வந்து உக்காந்துடுச்சு மக்களே. ரெண்டு ஓவர்ஹெட்ட (கிட்டுக்கு மேல நிக்கிற மைக்குங்க) மட்டும் திறந்து விட்டு, ஈக்யூ கம்ப்ரஸர்னு சத்தத்த திருத்தற எதுவும் போடாம, ஃபோன் ஸ்பீக்கர்ல ஓட்டிப் பாத்தேன், அப்பவும் ஸ்னேர் முழு உடம்போட கேக்குது. இவ்வளவு நாளா மோனோ பண்ணினா, அதாவது ரெண்டு மைக்கையும் ஒண்ணா சேத்தா, ஸ்னேர் காத்து போன டயர் மாதிரி ஆயிடும். இப்ப ஆகல. அந்த சந்தோஷத்துலதான் இத டைப் பண்றேன்.

செட்டப் என்னன்னு சீக்கிரம் சொல்லிடறேன். பெரம்பூர், மொட்டை மாடி ரூம், 10க்கு 10, சீலிங்கும் 10 அடி, காங்க்ரீட். சாதா 5 பீஸ் கிட், டாமுக்கு மட்டும் டூ ப்ளை ஹெட் (ரெட்டைப் படலத் தோல்) மாத்தியிருக்கேன். மைக்க கம்ப்யூட்டரோட சேக்கற இன்டர்ஃபேஸ் பெரிஞ்சர் யூஎம்சி404, செகண்ட் ஹேண்ட், 4 இன்புட். ஓவர்ஹெட்டுக்கு பெரிஞ்சர் சி-2 ஜோடி, ஸ்னேருக்கு எஸ்எம்57, கால்ல அடிக்கிற கிக் ட்ரம்முக்கு ஒரு லோக்கல் டைனமிக் மைக்கு. ரீப்பர் சாஃப்ட்வேர்ல 24 பிட் 48கே. மொத்தமா 30 ஆயிரத்த தாண்டல, கிட் ஏற்கெனவே இருந்தது.

முதல்ல க்ளின் ஜான்ஸ்ங்கற சவுண்ட் இன்ஜினியரோட முறைதான் போட்டேன், 4 மைக்குன்னா எல்லாரும் போறது அங்கதானே. ஒண்ணு ஸ்னேருக்கு மேல, ஒண்ணு ஃப்ளோர் டாமுக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஹைஹேட்ட (கால்ல மூடித் திறக்கற ஜோடி சிம்பல்) பாத்த மாதிரி, ரெண்டும் ஸ்னேர்லேருந்து ஒரே தூரம். பெரிய ஹால்ல அது அற்புதமான முறை, அதுல எனக்கு சந்தேகமே இல்ல. ஆனா 10க்கு 10ல ஃப்ளோர் டாம் பக்கத்து மைக்கு செவுத்துலேருந்து ஒன்றரை அடில போய் நிக்குது. நேரா வர்ற சத்தமும் செவுத்துல பட்டு திரும்புற சத்தமும் ரெண்டு மூணு மில்லிசெகண்ட் வித்தியாசத்துல சேந்து உள்ள வருது, டாம் அடிச்சா பிளாஸ்டிக் பக்கெட் சத்தம். நல்ல மைக்கு வாங்கினாலும் இது போகாது, ஏன்னா இது மைக்கோட கோளாறு இல்ல, செவுத்தோட வேல.

அதனால ரெக்கார்டர்மேன் முறைக்கு மாறினேன். முதல் மைக்கு ஸ்னேர் நடுவுலேருந்து ரெண்டு ஸ்டிக் நீளம் மேல. 5ஏ ஸ்டிக் 16 இன்ச், அப்ப 32 இன்ச். ரெண்டாவது மைக்கு வாசிக்கிறவன் வலது தோளுக்கு மேல பின்னாடியிருந்து ஸ்னேர பாக்கும், அதுவும் ஸ்னேர்லேருந்து அதே 32. இதுல பெரிய லாபம் ரெண்டு மைக்குமே கிட்டுக்கு உள்பக்கம் வந்துடுது, செவுத்துப் பக்கம் தள்ள வேண்டியதில்ல. சின்ன ரூம் வெச்சிருக்கிறவங்க யோசிக்காம இதையே போடுங்கன்னுதான் சொல்வேன்.

இப்ப மேட்டருக்கு வர்றேன், நூலு. இதப் பத்தி நான் எவ்வளவு வேணா பேசுவேன். டேப் வெச்சு அளக்கலாமேன்னு கேப்பீங்க, டேப் வளையும், ஸ்டாண்டோட கை (பூம்) நடுவுல நிக்கும், ஒரு கையில டேப்பு ஒரு கையில மைக்குன்னு வெச்சா கடைசில ஒரு இன்ச் அங்க இங்க போகும். ஒரு இன்ச்தானேன்னு விட முடியாது. ரெண்டு மைக்குக்கும் ஸ்னேர் தூரத்துல ஒரு இன்ச் வித்தியாசம் இருந்தா மோனோல சேத்தப்போ 7,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ஒரு பள்ளம் விழும், ஸ்னேர் வயரோட அந்த 'ச்சிக்' அங்கதான் இருக்கு. நாலு இன்ச் வித்தியாசம்னா பள்ளம் 1,700 பக்கம் எறங்கிடும், அப்ப ஸ்டிக் படற சத்தமே போச்சு. மேல மறுபடி மறுபடி பள்ளம் வரும், அது வேற. ஹெட்ஃபோன்ல ரெண்டையும் லெஃப்ட் ரைட்னு பிரிச்சு வெச்சு கேக்கறப்போ இது எதுவுமே தெரியாது. ஆனா நம்ம ஊர்ல நிறைய பேரு பாட்டு கேக்கறது ஃபோன் ஸ்பீக்கர்ல, அங்க பெரும்பாலும் ரெண்டும் ஒண்ணா சேந்துதான் வரும்.

நான் பண்ணினது இதுதான். கொத்தனார் நூலு ஒண்ணு எடுத்துக்கிட்டேன், மஞ்சக் கலர், கட்டட சாமான் கடைல கிடைக்கும். ஒரு முனைய ஸ்னேர் ஹெட் நடுவுல டேப் போட்டு ஒட்டியாச்சு. 32 இன்ச்ல ஒரு முடிச்சு. அந்த முடிச்ச முதல் மைக்கோட மூஞ்சில தொட வெச்சு, மிச்ச நூல விறைப்பா இழுத்து கிக் ட்ரம் ஹூப்போட உச்சில கொண்டுபோய் ஒட்டணும். இப்ப நூலுக்கு ரெண்டு முனையும் ஃபிக்ஸ், நடுவுல முடிச்சு. அப்படியே முடிச்ச மட்டும் பிடிச்சுக்கிட்டு வலது தோள் பக்கம் தூக்கிட்டு வாங்க, ரெண்டு பக்க நூலும் தொய்யாம விறைப்பா நிக்கிற இடத்துலதான் ரெண்டாவது மைக்கு நிக்கணும். ஸ்னேர் தூரமும் கிக் தூரமும் ஒரே நேரத்துல ரெண்டு மைக்குக்கும் சமமாயிடும். அந்த இடம் ஒரு புள்ளி இல்ல, ஒரு வளைவு, அதுல எங்க வேணா வைக்கலாம், தலைல இடிக்காத இடமா பாத்துக்கணும்.

இதுக்கு கண்டிப்பா இன்னொரு ஆளு வேணும். அக்கா பையன் வந்து உக்காந்தான், "மாமா முடிச்சு ஆடுது மாமா"ன்னு சொல்லிக்கிட்டே இருந்தான், அவன் சொன்னதுனாலதான் பூம் நட்டு லூஸ்னு தெரிஞ்சுது. மலிவு ஸ்டாண்டுல இதுதான் தொல்லை, டைட் பண்ணி விட்டாலும் மைக்கு வெயிட்டுக்கு மெதுவா எறங்கும். பூம் கடைசில சைக்கிள் டியூப் துண்டு ஒரு வாஷர் மாதிரி வெட்டி நட்டுக்குள்ள போட்டேன், அசையல. அப்புறம் நூலு டாம் ரிம்லயோ சிம்பல் ஓரத்துலயோ பட்டு வளைஞ்சா அந்த அளவு செல்லாது, சிம்பல கழட்டிட்டு அளங்க.

செக் பண்றது ரொம்ப சுலபம். ரெண்டு ட்ராக்கையும் சென்டருக்கு கொண்டுவந்து, ஒரே லெவல்ல வெச்சு, ஒண்ணோட ஃபேஸ் பட்டன (அலைய தலைகீழா திருப்பற பட்டன்) தட்டுங்க. தட்டினா ஸ்னேர் மெலிஞ்சு ஓடிப் போகணும். தட்டினதுக்கு அப்புறம்தான் நல்லாருக்குன்னா அளவு சரியில்லன்னு அர்த்தம். எனக்கு தட்டினவுடனே ஸ்னேரும் கிக்கும் ஏறக்குறைய காணாமப் போயி வெறும் சிம்பல் மட்டும் மிஞ்சுச்சு, அத கேட்டு நான் சீட்ட விட்டு எழுந்துட்டேன்.

ரூம் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். நீளம் அகலம் உயரம் மூணும் 10 அடின்னா அது ரெக்கார்டிங்குக்கு இருக்கறதுலயே மோசமான வடிவம், மூணு பக்கத்து அதிர்வும் ஒரே 57 ஹெர்ட்ஸ் கிட்ட வந்து குவியும். கிக்கோட அடிச்சத்தமும் அங்கதான் இருக்கு. இதுக்கு முட்டை அட்டை ஒட்டச் சொல்றவங்கள தயவுசெஞ்சு நம்பாதீங்க, 57 ஹெர்ட்ஸோட கால் அலைநீளமே 5 அடி, அரை இன்ச் அட்டை அத என்ன பண்ணும்? 2 இன்ச் ராக்வூல் (கல்லுல செஞ்ச பஞ்சுப் பலகை) கூட பண்ணாது. ராக்வூல் நான் போட்டது வேற காரணத்துக்கு, கிட்டுக்கு மேல சீலிங்ல 4 அங்குலம் இடைவெளி விட்டு தொங்கவிட்டிருக்கேன், ஓவர்ஹெட்டுக்கு மேலேருந்து திரும்பி வர்ற சிம்பல் சத்தத்த அது பிடிச்சுக்குது. 48 டென்சிட்டி ஸ்லாப், ஏசி டக்ட் வேல பாக்கறவங்க வாங்கற கடைல கிடைக்கும், ஆனா பண்டலாத்தான் குடுப்பாங்க, அதனால தெரிஞ்ச ஏசி மெக்கானிக் அண்ணன் வாங்கறப்போ கூட சேந்து வாங்கிக்கிட்டேன். காடாத் துணி சுத்தி தைச்சாச்சு. வெட்டறப்போ மாஸ்க்கும் முழுக்கை சட்டையும் போடுங்க, அரிப்பு ரெண்டு நாளைக்கு விடாது. மூலைக்கு பழைய இலவம்பஞ்சு மெத்தைங்கள சுருட்டி நிறுத்தியிருக்கேன், தாத்தா வீட்லேருந்து வந்தது, கைதட்டினா வர்ற அந்த கிணுகிணு எதிரொலி அதுலதான் நின்னுச்சு.

கிக் விஷயத்துல இந்த ரூம் எனக்கு ஒரு நல்லதும் பண்ணுது. முதல் ஓவர்ஹெட் தரையிலேருந்து கணக்கு பண்ணினா 5 அடி, சீலிங்குக்கு சரி பாதி. மேலயும் கீழயும் போற 57 ஹெர்ட்ஸ் அதிர்வு அந்த இடத்துல செத்துப் போயிருக்கும், அதனால அந்த ஓவர்ஹெட்ல கிக்கோட கும்முனு வர்ற குப்பை கம்மி. ரெண்டு ஓவர்ஹெட்டையும் 100 ஹெர்ட்ஸுக்கு கீழ வெட்டிட்டு கிக் மைக்குலேருந்து மட்டும் கீழ்ச்சத்தம் எடுத்துக்கறேன். கிக்குக்குள்ள ஒரு தலையணை, பெடலோட சுத்தி (பீட்டர்) படற இடத்துல காலாவதியான ஏடிஎம் கார்டு ஒரு துண்டு டேப் போட்டு ஒட்டியிருக்கு, அந்த 'டிக்' கிடைக்குது.

எஸ்எம்57 வாங்கப் போறவங்களுக்கு ஒரு வார்த்த. டூப்ளிகேட் எக்கச்சக்கமா சுத்துது. ஒரிஜினல் 284 கிராம் இருக்கும், மளிகைக் கடை தராசுல வெச்சே பாத்துடலாம், ரொம்ப லேசா இருந்தா வாங்காதீங்க. எடை சரியா இருந்தாலும் பில்லோட, தெரிஞ்ச டீலர்கிட்ட வாங்கறதுதான் நல்லது.

வாசிக்கறப்போ ஃபேன ஆஃப் பண்ணியாகணும், மே மாசம் வேற, ஸ்டிக் வழுக்குது, ரெண்டு டேக்குக்கு மேல தாங்காது. லேப்டாப்ப சார்ஜர்லேருந்து எடுத்துட்டு பேட்டரிலதான் ஓட்டறேன், சார்ஜர் போட்டா ஓவர்ஹெட்ல 50 ஹெர்ட்ஸ் முனகல் வருது. இன்வெர்ட்டர்ல ஓடறப்போ இன்னும் மோசம், கரண்ட் போச்சுன்னா ரெக்கார்டிங் அன்னிக்கு அவ்வளவுதான். லோக்கல் ட்ரெயின் ஹாரன் கூட சிம்பல் கரையறப்போ கேக்குது, அதனால பாட்டு முடியற இடத்த மட்டும் ட்ரெயின் போனதுக்கு அப்புறம் தனியா எடுக்கறேன். கீழ்வீட்டு அக்காகிட்ட பேசி காலைல 11லேருந்து 1 வரைக்கும் அனுமதி வாங்கியாச்சு, அவங்க மனசுக்கு ரொம்ப நன்றி.

அடுத்து ஸ்னேருக்கு அடில ஒரு மைக்கு வைக்கணும்னு ஆச. ஆனா இந்த இன்டர்ஃபேஸ்ல 4தான், கூடுதல் சேனல் சேக்கற ஏடாட் போர்ட் கிடையாது, அஞ்சாவது சேனல் வேணும்னா யூஎம்சி1820 மாதிரி ஒண்ணுக்கு மாறணும், அது தீபாவளிக்கு அப்புறம் பாக்கலாம். சர்ச் க்வயர் பசங்க வந்து எடுத்துக் குடுங்கன்னு கேட்டிருக்காங்க, அந்த காசு வந்தா மாறிடலாம்.

அதுக்கு முன்னாடி தீர்க்க வேண்டியது ஹைஹேட். ஸ்னேர் மைக்குக்குள்ள ஹைஹேட் புகுந்து அடிக்குது. எஸ்எம்57க்கு நேர் பின்பக்கம்தான் காது மந்தம், அந்தப் பின்பக்கத்த ஹைஹேட்ட பாத்து திருப்பி வெச்சேன், பாதி கொறஞ்சிருக்கு. ஹைஹேட்ட இன்னும் ரெண்டு இன்ச் தூக்கினா மிச்சமும் போகும்னு நெனைக்கறேன், ஆனா தூக்கினா ரிம்ஷாட் (ஸ்னேர் தோலையும் விளிம்பையும் ஒண்ணா அடிக்கிறது) அடிக்கறப்போ என் இடது கை தட்டுது, அதனால இந்த வாரம் உக்காந்து ஸ்டூல் உயரத்த மாத்தி பழகிட்டு இருக்கேன்.