சிமெண்ட்டும் எலும்பும் தொடும் இடம்

வேர்சிகிச்சையில் பல்வேரில் ஓட்டை விழுந்துவிட்டால், அதை அடைக்கும் சிமெண்ட் நேராக உயிருள்ள எலும்பை ஒட்டித்தான் உட்காரும். எலும்பு அதைச் சகித்துக்கொள்கிறதா என்பதுதான் என் ஆய்வேட்டின் கேள்வி. புதிதாக வந்த ஒரு கால்சியம் சிலிகேட் சிமெண்டை, 1993-இல் டொராபினெஜாட் ஆய்வுக் குழு அறிமுகப்படுத்திய எம்.டி.ஏ. (மினரல் டிரையாக்சைடு அக்ரிகேட்) என்ற சிமெண்டுடன், முயல் எலும்பில் வைத்து ஒப்பிட்டேன்.

விலங்கு நெறிமுறைக் குழு முதலில் கேட்டது: செல் வளர்ப்பில் பார்த்தால் போதாதா? நியாயமான கேள்வி. அதையும் செய்துவிட்டுத்தான் போயிருந்தேன். ஆனால் கலந்த சில மணி நேரத்தில் எம்.டி.ஏ.வின் பி.எச். 12.5-ஐத் தொட்டுவிடும். தட்டில் இருக்கும் செல்கள் அந்தக் காரத்தில் செத்துப்போகும். உடம்பிலோ ரத்த ஓட்டமும் திசு நீரும் அதைத் தணித்துவிடும். தட்டு மட்டும் பார்த்திருந்தால் நல்ல சிமெண்டையே ஒதுக்கியிருப்போம். முயல்களின் எண்ணிக்கைக்குக் கணக்குக் காட்டினேன், வலி நிவாரணத்தை நேர வாரியாக எழுதிக் கொடுத்தேன். அனுமதி வந்தது.

அறுவையில் எனக்குப் பெரிய கவலை டிரில்தான். எலும்பு 47 டிகிரியில் ஒரு நிமிடம் இருந்தாலே சேதம் தொடங்கிவிடும். அப்புறம் தெரியும் அழற்சி சிமெண்டால் வந்ததா, சூட்டால் வந்ததா என்று யார் சொல்வது? குளிர்ந்த சலைனை விடாமல் ஊற்றியபடி, மெதுவாக, விட்டுவிட்டுத் துளைத்தோம். அப்போதுதான் கலந்த சிமெண்டை ஒரு பக்கம் மட்டும் திறந்த சின்ன டெஃப்லான் கப்பில் நிரப்பி, துளைக்குள் இறக்கினோம். இந்தக் கப் எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு. திறந்த முனையில் சிமெண்ட் எலும்பைத் தொடும். பக்கச் சுவரில் டெஃப்லான் மட்டுமே தொடும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு அழற்சி தெரிந்தால், அதைச் சிமெண்டின் மேல் போட முடியாது.

4 வாரம், 12 வாரம் என்று இரண்டு கட்டமாக எலும்பை எடுத்தோம். மெல்லிய சீவல் எடுக்க எலும்பிலிருந்து கால்சியத்தை நீக்குவதுதான் வழக்கம். கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் இ.டி.டி.ஏ. கரைசலில் எலும்பு வாரக்கணக்கில் ஊற வேண்டும். சிக்கல் என்னவென்றால், சிமெண்டும் கால்சியம்தான், அதுவும் கரைந்துபோகும். மிஞ்சுவது வெற்றிடம். பக்கத்துச் செல்களைப் படிக்க அது போதும், ஒட்டு எப்படி இருந்தது என்று சொல்லப் போதாது. அதனால் பாதி மாதிரிகளை கால்சியம் நீக்காமல் ரெசினில் பதித்து, வைர ரம்பத்தால் அறுத்து, தேய்த்து மெலிதாக்கினோம்.

ஸ்லைடுகளை எந்தக் குழு எது என்று தெரியாத நோயியலாளரிடம் கொடுத்தோம். 4 வார ஸ்லைடுகளில் கப்பின் வாயில் மேக்ரோபேஜ்கள் (அந்நியப் பொருளை விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்), தளர்ந்த நார்த்திசு. 12 வாரத்தில் சிலவற்றில் மெல்லிய நார்ப்பட்டை மட்டும் மிஞ்சியிருந்தது. சிலவற்றில் டொலுயிடின் நீலச் சாயமேறிய புது எலும்பு, இடையில் எதுவும் இல்லாமல், சிமெண்டையே தொட்டுக்கொண்டிருந்தது. இரண்டு சிமெண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. எங்களுக்கு அது நல்ல முடிவே.

இதே வேலையைத் தொடங்குபவர்கள் நெறிமுறைக் குழுவுக்கு விண்ணப்பம் எழுதுமுன்பே, கால்சியம் நீக்காத எலும்பை அறுத்துத் தரும் ஆய்வகம் எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள். அந்த வசதி எல்லா இடத்திலும் கிடைக்காது.